தோட்டத்து ஜீப்பில் ஏற்றப்பட்டவள்

இருபது வருடம் கழித்து இன்று காலையில் ஓடப் போனேன். கல்லூரியில் ஐயாயிரம் மீட்டர் ஓடியவள் நான். இப்போது வயது நாற்பத்தைந்து.

குளிருக்குச் சுடிதார் மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டேன். உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பம் ரோட்டில் ஏறியதுமே மூச்சு வாங்கியது.

பின்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் வந்தது. உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் என்னைப் போலவே சட்டையும் துண்டுமாக இருந்தார்கள்.

"ஏலே, வண்டிய நிறுத்து. பாவம், ஜீப்ப விட்டுட்டு ஓடுது" என்றார் ஓர் அக்கா.

இரண்டு பேர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

"பேசாத ஆத்தா. மொதல்ல தண்ணியக் குடி."

பேச்சு வந்தபோது அனுமந்தன்பட்டியும் வந்துவிட்டது.

"அக்கா, நான் வேலைக்கு வரல. சும்மாதேன் ஓடுனேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்.

"வீட்ல அடிச்சாகளா?"

இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இறக்கிவிடும்போது, தன் தூக்கில் இருந்த இரண்டு இட்லியை என் கையில் வைத்தார்.

"நாளைக்கும் இந்த ஜீப்புதேன். எடம் போட்டு வைக்கிறேன், வந்துரு."

திரும்பும்போது நடந்தேதான் வந்தேன். ஓடினால் இன்னொரு ஜீப் நிற்கும்.

நாளைக்கு எந்த ரோட்டில் ஓடுவது என்று யாராவது சொல்லுங்கள். வீட்டுக்காரரைக் கொஞ்ச நாளைக்குக் கம்பம் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.