தலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

முருகன் அடியார்களே, என் பல் உடைந்த கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். உடைத்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான நாள் முதல் என் மேல் கை ஓங்காத மனிதர்.

அவருக்கு டிமென்ஷியா, மறதி நோய். சாயங்காலமானால் ஆயர் ஈத்தாம் ஊரில் எங்கள் பிளாட் போர்க்களம்தான். பித்தளைத் தட்டு பறக்கும். என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவார். "ஏதோ பிடிச்சிருக்கு" என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் நம்பினேன். அவருக்கு வெறி வந்ததும் மகன் தினேஷ் பின்னால் நின்று கைகளை மடக்கிப் பிடிப்பான். வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை நான் தலையில் ஊற்றி, நெற்றியில் திருநீற்றை அழுத்திப் பூசுவேன். அவர் அலறுவார். அப்படி ஒருநாள்தான் அவர் முழங்கை என் வாயில் இடித்தது.

தைப்பூசம் முடிந்த வாரம் என் கழுத்தை நெரித்தார். தினேஷ் அவரை இழுத்து விலக்கியிராவிட்டால் இதை எழுத நான் இல்லை. மறுநாள் காலை கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறினேன். "முருகா, ஒண்ணு அவரைக் கூட்டிக்கோ, இல்ல என்னைக் கூட்டிக்கோ!" என்று சந்நிதியில் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

அந்த வாரமே அவருக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையிலிருந்து ஷாமினி வந்தாள். ஆக்குபேஷனல் தெராப்பிஸ்ட். குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளில் நோயாளியை எப்படிக் கையாள்வது என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறவள். நாங்கள் செய்வதையெல்லாம் கேட்டாள்.

"ஆன்ட்டி, பின்னால ஒரு ஆளு பிடிச்சிக்கிட்டு, தலையில திடீர்னு தண்ணி ஊத்துனா யாருக்குத்தான் பயம் வராது? யாரோ கொல்ல வர்றாங்கன்னு நினைச்சித்தான் அங்கிள் அடிக்கிறாரு லா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அப்ப சாமி தண்ணியே வேணாங்கிறியா?"

"வேணும் ஆன்ட்டி. ஆனா செம்பை அவரு கையிலயே குடுங்க. முன்னால உட்காந்து, மொதல்ல கால்ல ஊத்தச் சொல்லுங்க. கோபம் வந்தா பிடிக்காதீங்க, தள்ளி நில்லுங்க."

முதல் நாள் அந்தச் செம்பை என் மீதே வீசினார். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. முருகனையும் ஷாமினியையும் சேர்த்துத் திட்டினேன். ஆனாலும் விடவில்லை.

ஒரு காலை, அவரே காலில் ஊற்றிக்கொண்டார். பிறகு மார்பில். பிறகு தலையில். நான் வழக்கம்போல் பூசப் போகாமல் திருநீற்றுத் தட்டை நீட்டினேன். அவர் கை உயர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

நோய் போகவில்லை. தட்டு பறக்கும் நாள் இன்னும் உண்டு. ஆனால் தினேஷ் அவரை மடக்கிப் பிடிப்பதில்லை, அவரும் என் கழுத்துக்கு வருவதில்லை. வீட்டில் இப்படி அடிபடுகிறவர்களே, வெட்கப்படாமல் முருகனிடம் கத்திக் கேளுங்கள். பிறகு வீட்டுக்கு வருகிறவருக்குக் கதவைத் திறந்து, சொல்வதைச் செய்யுங்கள். நான் மலையேறிக் கேட்டது சாவை. முருகன் திருப்பித் தந்தது என் வீட்டுக்காரரின் கையை.