உடைப்பைச் சொன்னவள்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். குத்தகை நிலத்தில் சேற்றை மிதித்து, அறுவடை மிஷின் வாங்கி, அரிசி மில் வைத்து, கடைசியில் குடவாசலில் ஆஸ்பத்திரியே கட்டினேன். டாக்டர் என் மகன்தான். இந்தத் தாலுகாவில் இப்படி இன்னொருத்தனைக் காட்டுங்கள், பார்ப்போம்.

ஒரு நாள் காலை, புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண், பக்கத்துக் கட்டிலுக்கான குளுக்கோஸ் பாட்டிலைச் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றிவிட்டாள். கொஞ்சம் இறங்கியதும் அவளே கண்டுபிடித்து நிறுத்தி, ஹெட் சிஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் உடனே என் மகனை வரவழைத்துச் சோதிக்க வைத்தார். நோயாளியின் வீட்டாரிடமும் மறைக்கவில்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணை அனுப்பிவிட வேண்டும் என்று மகன் குதித்தான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆஸ்பத்திரிக்கு வைத்திருப்பது என் பெயர் அல்லவா?

ஹெட் சிஸ்டர் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தப்பு நடந்தா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க, நான் உங்ககூட நிக்கிறேன்னு எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேங்க ஐயா. அத நம்பித்தான் இவ சொன்னா. இவள அனுப்புனா நாளைலேர்ந்து யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க.”

“இவள அனுப்புனா நீயும் போயிடுவியாம்மா?”

“இல்லீங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன். அதனாலதான் கேக்குறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. வரப்பில் எலி வளை விழுந்து உடைப்பெடுத்தால், ஓடி வந்து சொல்கிறவனை வைய மாட்டேன். வைதால், அடுத்த தடவை வயல் காய்ந்த பிறகுதான் நமக்குச் சேதி வரும். எனக்குத் தெரியாத பாடமா இது?

பெண் இருப்பாள் என்று மகனிடம் சொல்லிவிட்டேன்.

“டாக்டருக்குப் படிச்சது நானா, நீங்களாப்பா?”

“படிக்க வச்சது நான்டா.”

கொஞ்ச நாளைக்கு அவள் மாட்டும் ஒவ்வொரு பாட்டிலையும் இன்னொருத்தர் பார்க்க வேண்டும் என்றான். நியாயம்தான். ஹெட் சிஸ்டர் கேட்கும் முன்பே மற்ற நர்சுகள் அதற்கு முறை போட்டுக்கொண்டார்கள். டூட்டி முடிந்தும், பஸ்ஸை விட்டுவிட்டு அவளோடு நின்றவர்கள் உண்டு.

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கூடுதல் சம்பளம் சொல்லி அவளைக் கூப்பிட்டது. போகவில்லை. இப்போது புதிதாக வந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் அவள்தான் நிற்கிறாள். குடவாசலில் நர்சுகள் தங்க மாட்டார்கள் என்று சிரித்தவர்கள் வந்து பார்க்கட்டும். அந்த ஹெட் சிஸ்டரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தவனும் நான்தான்.