எழுந்து வந்து எடுக்கட்டும்

சித்தப்பாவின் சோபாவை ஒட்டி எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். உப்பும் உறைக்காத, இனிப்பும் இல்லாத வறட்டு பிஸ்கட். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தார். நாலு எட்டு தள்ளி, சமையலறை மேசையில், தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த ஆட்டு பிரியாணி மணத்துக்கொண்டிருந்தது.

“யாரும் எடுத்துக் குடுக்காதீங்க,” என்றார் பெரியப்பா. “பசிச்சா எழுந்து வந்து எடுக்கட்டும் லா.”

செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த காலத்தில், இதே பிரியாணிக்காகத் தோ பாயோவிலிருந்து பஸ் ஏறிப் போய், வெயிலில் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரிடம் கதையடித்தபடி வாங்கி வந்தவர் சித்தப்பா. ஐம்பதைத் தாண்டியதும் அவருக்குள் ஏதோ அணைந்துபோனது. வேலைக்குப் போவதை விட்டார். சவரம் செய்வதையும் விட்டார். கேட்டால், “செய்வோம், செய்வோம்” என்பார். சோம்பேறி என்று குடும்பமே முடிவுகட்டிவிட்டது.

அன்று சித்திதான் பொறுக்கமாட்டாமல் தட்டில் போட்டு அவர் மடியில் வைத்தார். எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார் சித்தப்பா. பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தீங்களா? வாய்க்கு ருசி நல்லா தெரியுது, காலுதான் எந்திரிக்க மாட்டேங்குது. நடிப்பு லா!” எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே ஓர் ஆய்வகத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலை கிடைத்தது. கூண்டில் ஒரு நெம்புகோல் இருக்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் இனிப்பு உருண்டை விழும். பக்கத்திலேயே சாதாரணத் தீனி சும்மா கிடக்கும். மருந்து ஏதும் போடாத எலிகள் இனிப்புக்காக மாய்ந்து மாய்ந்து அழுத்தும். மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையை மருந்தால் தடுத்த எலியோ அந்தச் சும்மா கிடக்கும் தீனியோடு நின்றுவிடும். ஆனால் இனிப்பை மூக்குக்கு முன்னால் வைத்தால் ஆசையாகத் தின்னும். ருசியும் பசியும் அப்படியே இருந்தன. அதற்காக மெனக்கெடும் உந்துதல்தான் போயிருந்தது. எனக்கு அந்த பிஸ்கட் டின் நினைவுக்கு வந்தது.

சித்தப்பாவை மூளை டாக்டரிடம் காட்டலாம் என்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“உங்க சித்தப்பா என்ன எலியாடா?” என்றார் பெரியப்பா. “படிக்க அனுப்புனா எலிகிட்ட பாடம் கத்துக்கிட்டு வர்றான். சோம்பேறித்தனத்துக்கு ஸ்பெஷலிஸ்டா?”

வீட்டுக்கு மூத்தவர் சொல்லிவிட்டால் சித்திக்கு மறுபேச்சு கிடையாது. சித்தப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் கூட்டிப்போனார்கள். பார்க்கின்சன் நோய். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே போகும் நோய். நடுக்கத்துக்கு முன்பே சிலருக்கு ஊக்கம் வடிந்துவிடும் என்றார் டாக்டர். பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார். சோம்பேறி என்ற வார்த்தையை அன்றும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, பிறகும் இல்லை.

போன மாதம் சித்தப்பாவின் முதல் நினைவு நாள். பெரியப்பாவே தேக்காவில் வரிசையில் நின்று பிரியாணி வாங்கிவந்து படத்துக்கு முன்னால் இலை போட்டார். “தம்பிக்குப் பிடிச்சது. இன்னும் கொஞ்சம் கிட்ட தள்ளி வைங்க,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் திரும்பிப் பார்த்தேன். சோபாவின் ஓரத்தில், கை எட்டும் தூரத்தில், அந்த பிஸ்கட் டின் இன்னும் அங்கேயேதான் இருந்தது.