ரேஸ் பார்க்கப் போன இடத்தில் கிடைத்த அண்ணன்

அறுபதுகளின் தொடக்கத்தில், சித்திரை பிறந்து நாலைந்து நாள் கழித்து வந்த ஒரு சனி ஞாயிறு. இடம் நுவரெலியா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பேச்சு அங்கே இங்கே போனால் அவளைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எனக்கு மோட்டார் ரேஸ் என்றால் உயிர். சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அக்காவோடு இருந்து, அவள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்தில்தான் கொழுந்து எடுத்தேன். அந்தத் தோட்டத்துக்குள் மலை ஏறும் ரோட்டில்தான் சீசனுக்கு ரேஸ் நடக்கும். கீழேயிருந்து ஒவ்வொரு காராக விடுவார்கள். சீக்கிரம் உச்சிக்கு ஏறுகிறவர் ஜெயித்தவர். நான் கூடையோடு மேலே நின்றபடி, சத்தத்தை வைத்தே எந்தக் கார் வருகிறது என்று சொல்லிவிடுவேன். கங்காணி கத்துவார்: "காது ரோட்டுல இருக்கு, கை எங்கடி இருக்கு?"

கல்யாணமாகி வட்டகொடைப் பக்கம் போன பிறகு ரேஸ் போச்சு. இரண்டு வருஷம் பொறுத்தேன். மூன்றாவது வருஷம் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

அவருக்குப் பயம். காரணம் இருந்தது. அவர் என் அத்தை மகன். இந்தியாவிலிருந்து தோணியில் வந்து என்னைக் கட்டினவர். கையில் ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. அப்படி வந்தவர்களைத் தேடிப் பிடித்து முகாமில் அடைத்து, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தில் பேர் பதியாமல் கைக்காசு வேலைதான் செய்தார். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் போதும், பின்பக்கமாகத் தேயிலைக்குள் இறங்கிவிடுவார். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். புதிதாக ஒரு வளையல்காரன் வந்தால்கூட, அவன் வளையல்தான் விற்கிறானா என்று பார்ப்பேன்.

சனிக்கிழமை ரயில் ஏறினோம். எதிர் வரிசையில் ஒரு ஆள். காக்கிக் காற்சட்டை, பளபளவென்று கறுப்புச் சப்பாத்து, ஒட்ட வெட்டின முடி. வெளியே பார்ப்பதுபோல் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தான். என் பக்கத்தில் சாரம் கட்டின ஒரு சிங்களவர், மடியில் போஞ்சிக்காய்க் கூடையோடு அரைத் தூக்கத்தில் இருந்தார். கூடை என் தொடையில் இடித்தபோது சிரித்து நகர்த்திக்கொண்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் என் காதைக் கடித்தார். "ஏம்புள்ள, அந்தக் காக்கிக்காரன் சிஐடி மாதிரி இருக்கான். நான் தோணியில வந்தவன்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க போல."

"சும்மா இருங்க. அவன் பக்கம் திரும்பாதீங்க. என்னையப் பாத்துச் சிரிங்க."

"சிரிப்பு எங்கேருந்து வரும்?"

அப்படியும் இப்படியும் நானுஓயா வந்தது. அவனும் இறங்கினான். நாங்கள் பஸ் ஏறினோம், அவனும் ஏறினான். டவுனில் ஒரு முஸ்லிம் காக்கா கடையில் தேத்தண்ணி குடித்தோம். அவன் கடைவாசலில் நின்று சுருட்டுக்கு நெருப்பு வாங்குகிறான்! அக்கா லயத்துக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். அவள் கை மணம் யாருக்கும் வராது. ஆனால் அன்று அதை அப்படியே மூடி வைத்தோம்.

"திரும்பிப் போயிருவோமா?" என்றார் அவர். ரேஸ் பார்க்காமலா? நான் மாட்டேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெரிய வளைவுக்கு மேலே, தேயிலை ஓரமாக இடம் பிடித்தோம். பனி விலகி வெயில் வந்தது. கீழே ரோட்டோரம் தொப்பி போட்ட தொரைமாரும், குடை பிடித்த தொரைசானிமாரும். மேலே மேட்டில் எங்கள் சனம். ஒலிபெருக்கியில் இங்கிலீசில் என்னவோ சொன்னார்கள். முதல் கார் ஏறி வந்தது பாருங்கள், நெஞ்சுக்குள்ளே பறை அடித்த மாதிரி! எல்லாம் மறந்து குதித்தேன்.

குதித்துவிட்டுத் திரும்பினால், பத்தடி தள்ளிக் காக்கிக்காரன். என் சந்தோஷமெல்லாம் அப்படியே அவிந்துபோனது.

இரண்டு கார் போயிருக்கும். ஒரு போலீஸ்காரர் கூட்டத்துக்குள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். தனியாக நின்ற ஒரு பையனை நிறுத்தி ஏதோ கேட்டார். கிட்டே வந்ததும் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். தொப்பிக்குக் கீழே இருந்தது ரயிலில் போஞ்சிக் கூடையோடு தூங்கினாரே, அந்த முகம்!

அதே நேரம் காக்கிக்காரன் சட்டென்று நகர்ந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தேன். வெளிறி, உதடு காய்ந்து போயிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரருக்கு வருகிற முகம் அது. இவனும் தோணியில் வந்தவன்தான். எங்களைப் பிடிக்க வரவில்லை, எங்களுக்குப் பின்னால் ஒளிய வந்திருக்கிறான்.

போலீஸ்காரர் என் வீட்டுக்காரரைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டார், "யாரு?"

"என் புருசன், ராலாமி." போலீஸ்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும்.

"இவரு?"

யோசிக்க நேரமில்லை. "எங்க அண்ணன்."

"அண்ணனா? நேத்து ரயில்ல ரெண்டு பேரும் அண்ணங்கூட ஒரு வார்த்தை பேசலையே."

என் வாய்க்கு அன்று எங்கிருந்துதான் வந்ததோ! "கோவம் ராலாமி. அம்மாவோட காதுத் தோட்டைப் பங்கு பிரிக்கிறதுல அண்ணனுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு."

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வருசம் பொறந்திருக்கு. இந்த மாசத்துல பகை ஆகாது. வெத்தலை இருக்கா?" என்றார். சித்திரையில் கோபம் தீர வெற்றிலை கொடுத்துக்கொள்வது சிங்களவர் வழக்கம். என் மடியில் வெற்றிலை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் என் வீட்டுக்காரர் கையில் வைத்து, "குடுக்கச் சொல்லு" என்றார்.

வீட்டுக்காரருக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. "ராலாமி சமாதானமாப் போகச் சொல்றாரு. அண்ணனுக்கு வெத்தலை குடுங்க" என்றேன் தமிழில்.

"எந்த அண்ணன்?" என்றார் அந்த மனுஷன்!

"என்னோட அண்ணன். எத்தனை அண்ணன் இருக்கான் எனக்கு?" என்று ஒரு முறை முறைத்தேன். நல்லவேளை, வெற்றிலையை நீட்டினார்.

"மச்சான், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ள. தோட்டை நீங்களே வச்சுக்கங்க," என்றான் காக்கிக்காரன். அவனுக்கும் சிங்களம் தெரியும் போல. பயத்திலும் எனக்குச் சிரிப்பு முட்டியது.

போலீஸ்காரர் போய்விடுவார் என்று பார்த்தால், எங்களோடு அப்படியே நின்றுவிட்டார். நோட்டம் பார்க்கிறாரா, ரேஸ் பார்க்கிறாரா தெரியவில்லை. நான் கொடுத்த ரொட்டியைத் தின்றார். ஒரு நீலக் கார் வளைவில் வழுக்கித் திரும்பியபோது என் புது அண்ணன் தன்னை மறந்து, "கியரை மாத்துங்கய்யா! மாத்துங்க!" என்று கத்தினான். மஸ்கெலியாவில் ஒரு கராஜில் அந்தக் காரைக் கழற்றி மாட்டினவனாம். அது ஓடுவதைப் பார்க்கத்தான் அத்தனை பயத்தோடும் வந்திருக்கிறான். கார் உச்சிக்கு ஏறியதும் போலீஸ்காரரே கை தட்டினார்.

கடைசிக் கார் போன பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கு நானுஓயா ஸ்டேசன் பக்கம் போகாதீங்க. தோட்டத்துப் பாதையா நடந்து போங்க. மூணு பேருந்தான்."

அட கடவுளே! இவருக்குத் தமிழ் தெரியும்! ரயிலில் தோணிக் கதை பேசியதும் கேட்டிருக்கும், 'எந்த அண்ணன்' என்றதும் கேட்டிருக்கும்.

அவர் போனதும் மூன்று பேரும் தேயிலைக்குள் உட்கார்ந்து வழக்காடினோம்.

"தனியா நடக்க விட்டுப் புடிக்கத்தான் இந்த வேலை. ஸ்டேசன்னா கூட்டத்துல கலந்துரலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது தங்கச்சி," என்றான் காக்கிக்காரன். தனி ஆளைத்தான் நிறுத்திக் கேட்பார்கள், குடும்பத்தோடு நின்றால் விட்டுவிடுவார்கள் என்றுதான் ரயிலிலிருந்து எங்களை ஒட்டியே வந்ததாக அப்போதுதான் சொன்னான்.

எனக்கும் அந்தப் போலீஸ்காரர் மேல் சந்தேகம் போகவில்லை. ஆனால் ஒன்று நினைத்தேன். நான் நல்லவர் என்று நினைத்தவர் போலீஸ், போலீஸ் என்று நினைத்தவன் எங்களைப் போல ஒருத்தன். இரண்டு நாளாக என் கணக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. "புடிக்கிறவரா இருந்தா நேத்தே புடிச்சிருப்பாரு. எல்லாம் தெரிஞ்சும் வெத்தலை மாத்த வச்சாரே. நடங்க," என்றேன்.

தோட்டம் தோட்டமாக இறங்கினோம். பாதையில் ஒவ்வொரு வளைவிலும் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். யாரும் நிற்கவில்லை. எங்கள் தோட்டத்து முடக்கில் அண்ணன் பிரிந்து போனான். பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும் அவனுக்கு.

மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் பேச்சு அடிபட்டது. நானுஓயா ஸ்டேசனை மறித்து, இறங்க ஏற வந்த அத்தனை பேரையும் சோதித்தார்களாம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரேஸ் பார்க்கப் போன ஒருத்தன் திரும்பி வரவே இல்லை. அவன் பெண்சாதி அழுத சத்தம் எங்கள் மலை வரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் போகாமல், அடுப்படியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் போலீஸ்காரரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கடைசிவரை என்னோடு இந்த மலையில்தான் இருந்தார். சந்தேகப்படுகிற புத்தி என்னை விட்டுப் போகவில்லை, போகவும் போகாது. ஆனால் யாரையாவது ஏற இறங்கப் பார்க்கும்போதெல்லாம், நாளைக்கு இவரை நம்பித்தான் வீடு போய்ச் சேர வேண்டியிருக்குமோ என்றும் ஒரு தரம் நினைத்துக்கொள்கிறேன்.