அறுபடாத பெல்ட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து இழுவை பெல்ட்டைக் கழுவினார்கள். சேற்றில் மாட்டிய வண்டிகளை ஜீப்பில் கட்டி இழுத்துக் கரையேற்றுவது அப்பாவின் பிழைப்பு. ஆள் ஒல்லி. சுற்றுவட்டாரத்தில் ‘ஊசி’ என்றால்தான் தெரியும். மகள், சங்கிலியும் கம்பியும் எத்தனை டன் தாங்கும் என்று சோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பெல்ட்டை அங்குலம் அங்குலமாக விரலால் தடவினாள்.

“என்னம்மா, பாஸா ஃபெயிலா?”

“ஓரத்துல லேசா நூல் பிரிஞ்சிருக்கு. தாங்கும்ப்பா.”

“உன் வீட்டுக்காரரைக்கூட நீ இவ்வளவு உத்துப் பாத்திருக்க மாட்டே.”

செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது. செங்கல் லாரியை இழுத்தபோது பெல்ட் தெறித்துவிட்டதாம். ஜீப்பின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த இரும்பு, ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பின்மண்டையில் அடித்ததாம். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

‘தாங்கும்’ என்று சொன்னது அவள் வாய். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டாள்: பெல்ட் எங்கே?

வியாழக்கிழமை லாரிக்காரர் அதைக் கொண்டுவந்து வைத்தார். அவள் விரித்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினாள். ஒரு இடத்திலும் அறுபடவில்லை. முனையில் லாரியின் கொக்கி, பிய்ந்த தகட்டோடு தொங்கியது.

“போன மாசம் நான்தாம்மா அந்தக் கொக்கியை வெல்டிங் வச்சேன்,” என்றார். தலையை நிமிர்த்தவில்லை. “அண்ணன் எப்பவும் பெல்ட் மேல நனைஞ்ச சாக்கு போடுவாரு. எது பிடுங்கிக்கிட்டு வந்தாலும் பறக்காம கீழே விழணும்னு. அன்னைக்கு என் டயர் வழுக்கிக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சாக்கை உருவி டயருக்கு அடியில கொடுத்துட்டாரு. ஒரு இழுப்புதானேன்னு சொன்னாரு.”

தன்மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மூச்சு வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. முப்பது வருஷம் சாக்கு போடாமல் வண்டியை நகர்த்தாத மனுஷன்.

அப்பாவின் போன் அடித்தது. எடுத்தாள். தூரத்துப் பால்பண்ணைக்காரம்மா.

“அண்ணே, நேத்து வர்றதா சொல்லியிருந்தீங்க, ஆளையே காணோம். வேன் அச்சு வரைக்கும் இறங்கி அப்படியே கிடக்கு. இன்னைக்காவது வருவீங்களா?”

அப்பா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

“எந்தப் பக்கத்து டயர் இறங்கியிருக்குக்கா?” என்று கேட்டாள்.