சம்பந்தி ஊட்டிய கறி

ஒரின்பசாரின் வலது கை நடுங்கத் தொடங்கியபோது கசாக்கிய ஊரான ஜெதிசாயில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வோட்காதான் என்றது ஒரு கூட்டம். அவர் வோட்காவைத் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றது இன்னொரு கூட்டம். கண் வைக்கும்படி அவரிடம் ஒரு கிழட்டுக் கழுதையும் கொஞ்சம் பருத்தி நிலமும்தான் இருந்தன. பருத்தியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஊரே அதில்தான் வயிறு வளர்த்தது, எப்படித் திறப்பார்கள்?

இளவயதில் கூட்டுப்பண்ணையில் அவருக்குக் கொடி பிடிக்கும் வேலை. பருத்தி எடுப்பதற்கு முன் செடியின் இலைகள் உதிர வேண்டும். அதற்கு விமானத்திலிருந்து மருந்து தெளிப்பார்கள். எந்த வரிசைவரை தெளித்தாயிற்று என்று மேலே பறக்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகப் பருத்திக் காட்டின் விளிம்பில் ஒருவன் வெள்ளைக் கொடியை ஆட்டிக்கொண்டு நிற்பான். அந்த ஒருவன் ஒரின்பசார். விமானம் தலையை உரசுகிற மாதிரிப் போகும், மருந்து மழையாக இறங்கும், சட்டை நனையும். அவர் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி நிற்பார். அந்தச் சட்டையோடே ரொட்டியைப் பிய்த்துத் தின்பார். இந்த மருந்து செடியைத்தான் தொடும், மனிதனை ஒன்றும் செய்யாது என்று பண்ணைத் தலைவர் கூட்டத்தில் பேசினார். அவர் மேடையில் நின்று பேசினார், காட்டில் நின்று பேசவில்லை. பாராட்டாக ஒரின்பசாருக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள்.

நாற்பது வயது தாண்டியதும் மூக்கு செத்துப்போனது. அதை நோய் என்று யார் நினைப்பார்கள்? அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துகொண்டிருக்கும், இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருப்பார்.

"தெருவே நாறுது, உங்களுக்கு மட்டும் தெரியலியா? மூக்கை எங்க அடகு வச்சீங்க?" என்று மனைவி ரபிகா கத்துவாள்.

தூக்கத்தில் யாரையோ உதைத்துச் சண்டை போடுவார். அந்த உதை ரபிகாவின் இடுப்பில் விழும். அவள் படுக்கையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான். கை நடுங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. பிறகு கால் இழுத்தது, முகம் மரத்துப்போனது. சிரித்தால்கூட அவர் கோபமாக இருப்பதாக நினைத்துப் பேரப்பிள்ளைகள் ஒதுங்கினார்கள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒரு கல்யாண விருந்தில். வயதுக்கு மரியாதை என்று வெந்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். அவர்தான் அறுத்து, காதைப் பிள்ளைக்கும் கன்னத்துக் கறியைப் பெரியவர்களுக்கும் பங்கிட வேண்டும். கத்தி தட்டில் மோதி மோதி மணி அடித்தது. விருந்தே பேச்சை நிறுத்தியது. பக்கத்தில் இருந்த ஒரு இளைஞன் நல்ல பிள்ளையாகக் கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டான். அந்த நல்ல பிள்ளையை ஒரின்பசாரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதோடு விருந்துகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் ரபிகா கரண்டியால் ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

பருத்தி வட்டாரத்தில் இந்த நடுக்குவாத நோயை ஆராய்வதற்காக அல்மாட்டி நகரத்திலிருந்து டாக்டர் கார்லகாஷ் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும். கையைப் பார்ப்பதற்கு முன்பே கேள்வி கேட்டாள். "ஐயா, வாசனை எப்போ போச்சு? மலச்சிக்கல் உண்டா? தூக்கத்துல கை கால் போடுவீங்களா?"

ரபிகா வாயில் கை வைத்தாள். "எம்மா, எங்க படுக்கை வரைக்கும் உனக்கு யாரு சொன்னது?"

டாக்டர் சிரித்தாள். மூளையில் ஒருவகைப் புரதம் கோணலாக மடிந்து கட்டி கட்டியாகச் சேர்கிறது, அது சிலருக்குக் குடலிலும் மூக்கிலும் பல வருஷம் முன்னாலேயே தொடங்கிவிடலாம் என்று இப்போதைய ஆராய்ச்சி நினைக்கிறது என்றாள். செல்லுக்குள் இருக்கும் அடுப்பைச் சில வயல் மருந்துகள் அணைத்துவிடுகின்றன, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள்.

"அப்ப எனக்கு இதைக் குடுத்தது அந்த விமானமா?"

"இருக்கலாம் ஐயா. அடிச்சுச் சொல்ல முடியாது."

அடித்துச் சொல்ல வேண்டாம், இருக்கலாம் என்று ஒருத்தி சொன்னதே அவருக்குப் போதும். அன்று முழுக்க அவர் நெஞ்சு லேசாக இருந்தது.

அவள் இன்னொன்றும் சொன்னாள். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் செலுத்தி நடுக்கத்தை அடக்கும் அறுவை சிகிச்சை. ஆராய்ச்சியின் பகுதி என்பதால் செலவில்லை. இடம் ஒன்றுதான் பாக்கி. ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்து அவர் தினம் போடும் மாத்திரை அவர் கையை எவ்வளவு இளக்குகிறது என்று டாக்டர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு இளகும் கைதான் கம்பிக்கும் இளகும். "முதல் நாள் சாயங்காலத்துல இருந்து மாத்திரை வேண்டாம். வெறும் வயிறா வாங்க. தண்ணி மட்டும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. டாக்டர்களிடம் ஏன் என்று கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

அல்மாட்டியில் தங்க மகள் அக்மராலின் மாமனார் வீடு இருந்தது. சம்பந்தி மூசாபெக் தங்கமான மனுஷர். அதுதான் வினையாகப் போனது. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பார். இவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததுமே கறி வாங்கிக் குவித்துவிட்டார். முந்தின சாயங்காலம் பயண அலுப்பு என்று சொல்லி ரபிகா எப்படியோ தப்ப வைத்தாள். மறுநாள் காலையில் தப்ப முடியவில்லை.

மாத்திரை இல்லாத உடம்பு விடியும்போது மரக்கட்டையாகியிருந்தது. மருமகன் ஒரு பக்கமும் ரபிகா ஒரு பக்கமும் தாங்கித்தான் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மூசாபெக் அதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்ன சம்பந்தி இது! பட்டினி போட்டே கொன்னுடுவாங்க போலிருக்கே. இப்படித்தான் வைத்தியம் பாக்குறாங்களா?"

"வேணாம் சம்பந்தி. வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் ரபிகா.

"வெறும் வயிறுன்னா ரொட்டி தின்னாதே, டீ குடிக்காதேன்னு அர்த்தம். கறி வயித்தைச் சுத்தம் பண்ணுமே தவிர என்ன பண்ணும்? குதிரைக் கறி தின்னு எவனாவது செத்திருக்கானா? நம்ம தாத்தன் பாட்டன் எல்லாம் டாக்டரைக் கேட்டா தின்னாங்க?"

"வந்து சாப்பிட்டுக்கிறோம் சம்பந்தி."

"என் வீட்டு வாசலை என் சம்பந்தி பசியோட தாண்டினா நாளைக்கு இந்தத் தெருவுல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

அக்மரால் தேநீர்ப் பாத்திரத்தோடு நின்றாள். ரபிகாவின் அக்காள் கணவர் ஒருமுறை சம்பந்தி வீட்டில் கொழுப்பு ஆகாது என்று தட்டைத் தள்ளிவிட்டார். அவர் மகள் புகுந்த வீட்டில் அந்தத் தட்டைப் பற்றி இன்னும் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மூசாபெக் எழுந்து வந்தார். கொழுப்போடு சேர்ந்த குதிரைக் கறியைக் கை நிறைய அள்ளினார். பெரியவர்கள் மனசு நிறைந்து ஒருவரைக் கௌரவிக்கும்போது தங்கள் கையாலேயே வாயில் வைப்பார்கள். அந்தக் கையைத் தட்டிவிடும் கசாக்கியன் இன்னும் பிறக்கவில்லை.

ஒரின்பசாருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் இல்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டிருந்தால் நோய் என்று நினைத்து விட்டிருப்பார்கள். ஆனால் அவர் வாயில் இத்தனை காலமாகச் சோறு போனதெல்லாம் இரக்கத்தால் போனது. இது மரியாதையால் வருகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் முகத்தைத் திருப்பவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவர் நோயாளி இல்லை, சம்பந்தி. வாயைத் திறந்தார். உச்சி குளிர்ந்துபோனது. இரண்டாவது கைப்பிடிக்கும் திறந்தார், மூன்றாவதற்கும் திறந்தார். ரபிகா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனைக்கு மூசாபெக்கே காரோட்டி வந்தார். வெளியே இருங்கள் என்று செவிலி சொன்னதற்கு, "இவரு என் சம்பந்தி, நான் எங்க போறது?" என்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

விரல்களைத் தட்டச் சொன்னார்கள், முஷ்டியை மூடித் திறக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். பிறகு மாத்திரை கொடுத்தார்கள். காத்திருந்தார்கள். மறுபடி தட்டச் சொன்னார்கள். கை காலையில் எப்படி இருந்ததோ அப்படியே நடுங்கியது. இன்னும் காத்திருந்தார்கள். மறுபடி தட்டினார். டாக்டர் கார்லகாஷின் நெற்றி சுருங்கியது. வீட்டில் இந்த மாத்திரை சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது என்று ரபிகா சொன்னாள்.

"ஐயா, காலையில எதாவது சாப்பிட்டீங்களா? கறி, பால், அந்த மாதிரி?"

ரபிகா குனிந்து பையின் வாரைச் சரிசெய்தாள்.

"எதுக்குக் கேக்குறேன்னா, இந்த மருந்தும் கறியில இருக்கிற புரதமும் உடம்புக்குள்ள ஒரே வாசல் வழியாத்தான் போகணும். கறி முண்டியடிச்சு முன்னால போயிடும், மருந்து வெளியில நிக்கும். இந்த நோயில வயிறு வேற மந்தமா இருக்கும். சாப்பிட்டிருந்தா சொல்லுங்க. இன்னைக்கு விட்டுட்டு நாளைக்குக் காலையில பண்ணிடலாம்."

அந்த நிமிஷம் ஒரின்பசாருக்கு எல்லாம் விளங்கியது. ரபிகாவின் கறிக்குழம்புக் கிண்ணத்தோடு விழுங்கிய மாத்திரைகள், நல்ல நாள், கெட்ட நாள், எல்லாம். கூடவே மூசாபெக்கின் முகமும் தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய், குற்றம் சாட்டப் போகிறார்களோ என்கிற பயம் வந்திருந்தது. சாப்பிட்டேன் என்றால் யார் வீட்டில் என்று டாக்டர் கேட்கக்கூட வேண்டாம். சம்பந்தி கையால் ஊட்டியது சம்பந்தியையே கெடுத்தது என்று அந்த வீட்டில் காலமெல்லாம் பேச்சு ஓடும். அந்தப் பேச்சுக்கு நடுவில் தேநீர் ஊற்றப் போகிறவள் அக்மரால்.

"இல்லம்மா. தண்ணிதான்."

ரபிகா நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டாள். மருந்துக்கு இளகாத கை என்றால் இது வேறு வகை நோயாகவும் இருக்கலாம், கம்பி வைத்துப் பயனில்லை என்றாள். மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னாள். அந்த இடத்துக்கு இன்னொருவர் மதியம் வருகிறாராம்.

ரயில் நிலையத்துக்கு அக்மராலும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மூசாபெக் பழையபடி உற்சாகமாகிவிட்டார். வழிக்கென்று கறிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? நல்லவேளை காலையில நான் விடல. இல்லேன்னா கம்பியும் கிடைக்காம, வயிறும் காய்ஞ்சு போயிருப்பீங்க."

ரபிகா பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கினாள்.

நடைமேடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரின்பசாருக்கு உடம்புக்குள் எதுவோ அவிழ்வது தெரிந்தது. முதலில் தோள், பிறகு முழங்கை. மடியில் கிடந்த கையைப் பார்த்தார். அது சும்மா கிடந்தது. வேறு யாருடைய கையோ போல நிதானமாகக் கிடந்தது. குழந்தையின் குல்லாய் நழுவியிருந்தது. அவர் கையை நீட்டி அதைச் சரி செய்து, தாடைக்கடியில் நாடாவை முடிச்சுப் போட்டார். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அக்மரால் வாய்விட்டு அழுதாள். மூசாபெக் தொடையில் ஓங்கித் தட்டினார். "பாத்தியா! பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா? கறி வேலை செய்யுது!"

ரபிகா கணவரின் காதருகே குனிந்தாள். "ஏங்க, எழுந்திருங்க. மதியம் ஆகல இன்னும். ஓடிப்போய் இந்தக் கையைக் காட்டுவோம். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, கேப்பா."

"காட்டி? மருந்து ஏன் இப்பதான் வேலை செய்யுதுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"உள்ளதைச் சொல்லுவேன்."

"சம்பந்தியை வச்சுக்கிட்டா?"

"இவரை வச்சுக்கிட்டுத்தான். உங்க கை பெருசா, இவரு மீசை பெருசா?"

ஒரின்பசார் மகளைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மாமனாரின் கோட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். மாமனார் அவள் தலையைத் தடவி, "அழாதே, உங்கப்பன் சிங்கம்" என்றார். அந்த வீட்டில் அவளுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க அவருக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஒருமுறை மருந்தைத் தலையில் வாங்கிக்கொண்டு கைக்கடிகாரத்துக்குச் சிரித்தவர், இப்போதும் அப்படித்தான் சிரிக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். முகம் இளகியிருந்ததால் இந்த முறை சிரிப்பு சிரிப்பாகவே வந்தது.

"உங்க கறிக்கு ஈடு இல்ல சம்பந்தி" என்றார்.

ரயில் ஊதியது. ரபிகா வழக்கம்போல் அக்குளில் கை கொடுக்க வந்தாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டு, கம்பியை இறுகப் பிடித்து, படியில் தானாகவே ஏறினார்.