டெல்ரின் மிஸ்ஸின் நண்டு டிப்

கல்லடியில் வாவிக்கரையோரம் ஒரு விடுதியில் இருபத்தெட்டு வருடம் சமைத்தேன். ஒரே ஒருமுறைதான், பார்ட்டி தொடங்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, வேகாத சாப்பாட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் ஓடினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டெல்ரின் மிஸ் மட்டக்களப்பு டவுனில் இருக்கும், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பத்தவர். ஓய்வுபெற்ற இங்கிலிஷ் ரீச்சர். அவுஸ்திரேலியாவிலிருந்து தங்கை வருகிறாள் என்று பகல் விருந்து வைத்தார். விடுதிக்கே வந்து சொன்னார்:

“தவம், எனக்குச் சூடான நண்டு சீஸ் டிப் வேணும். ஒவன்ல வெச்சு, மேல பொங்கிக்கிட்டு வரணும். ‘மட்டக்களப்பில இதெல்லாம் எங்க கிடைக்கப் போகுது’ எண்டு போனமுறை சிரிச்சிட்டுப் போனவள். விளங்குதா?”

“ஓம் மிஸ், அது என்ன பெரிய வேலையா!” என்றேன். டிப் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது.

பாண் தோய்த்துச் சாப்பிடும் சீஸ் கலவைதான் அது என்று வீடியோ பார்த்து அறிந்து, வீட்டில் செய்து பார்த்தேன். கிரீம் சீஸுக்குப் பதிலாகக் கட்டித் தேங்காய்ப்பால் விட்டேன். எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. “குழம்பு நல்லாத்தான் கிடக்கு, உப்புத்தான் கொஞ்சம் கூட” என்று மனைவி சோற்றில் விட்டுச் சாப்பிட்டாள். மறுநாள் கிரீம் சீஸ், மயோனைஸ், துருவிய செடார், வாவி நண்டுச் சதை, கொஞ்சம் தேசிப்புளி. சரியாக வந்தது.

விருந்தன்று மிஸ் வீட்டுக் குசினியில் எல்லாவற்றையும் கலந்து, தட்டில் பரப்பி, ஒவன் சுவிட்சைப் போட்டேன். கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இல்லை. மிஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று தெரு தள்ளி சீனித்தம்பி அண்ணனின் பேக்கரி இருந்தது. பாணும் பணிஸும் வேகவைக்க விறகு போட்டு எரிக்கும் பழைய போறணை அடுப்பு. தட்டோடு ஓடினேன்.

“நண்டா? என்ட போறணைக்குள்ளயா? பின்னேரம் பணிஸ் போடணும் மனே. ஊரெல்லாம் நண்டுப் பணிஸ் எண்டு சிரிக்கும்!”

“அண்ணன், இது டெல்ரின் மிஸ்ஸுக்கு.”

“டெல்ரின் மிஸ்ஸுக்கா? அவட வகுப்பில நான் முழு வருசமும் தண்டனைக்கு வாங்கு மேல ஏறி நிண்டவன்.”

காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

“தா இஞ்ச. இண்டைக்காவது அவ என்னை நல்லவன் எண்டு சொல்லட்டும்” என்று தட்டை வாங்கி, நீளத் துடுப்பால் உள்ளே தள்ளினார்.

பத்து நிமிடத்தில் மேலே பொன்னிறமாகக் குமிழி விட்டது. துவாய் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். பக்கத்தில் சுடச்சுடப் பாண் பையோடு சீனித்தம்பி அண்ணன். பள்ளம் வரும்போது “மெதுவா!” என்றேன், தொடை சுடும்போது “கெதியா!” என்றேன். ஓட்டோக்காரன் கடைசியில் என் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டான்.

மிஸ்ஸின் தங்கை பாண் கரையை டிப்பில் தோய்த்துச் சாப்பிட்டார். இன்னொரு துண்டை எடுத்தார். பிறகு போனைத் திறந்துகொண்டு, “எத்தின டிகிரில வெச்சீங்க?” என்று என்னைக் கேட்டார்.

சீனித்தம்பி அண்ணன் முந்திக்கொண்டார்: “பாண் இறக்கின பிறகு, பணிஸ் வைக்க முதல்.”

தங்கை அதை அப்படியே போனில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு, தெரியாத சாப்பாட்டைக் கேட்டால் “தெரியாது, ரெண்டு நாள் தாங்க” என்று சொல்லப் பழகினேன். அப்படிச் சொன்னதால் ஒருவரும் எழுந்து போய்விடவில்லை. இன்னொன்று: புது வீட்டில் சமைக்கப் போனால், ஒவன் எங்கே என்று கேட்க முதல், பக்கத்தில் பேக்கரி எங்கே என்று கேளுங்கள்.